சர்க்கார் கணக்கில் எங்கள் கொள்ளுத்தாத்தா

எங்கள் வம்சத்தில் ஒரு ஊமை இருந்ததாகச் சர்க்காரின் பழைய ஜனக்கணக்கு சொல்கிறது. எங்களைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டில் தூக்கத்தில்கூட ஆள் மாற்றி ஆள் பேசிக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் இந்த அரிய சேதியைத் தோண்டி எடுத்துக் குடும்பத்துக்கு வழங்கிய பெருமை என்னைத்தான் சேரும். வழங்கிய இடம்தான் சரியில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்து, எழுந்து நின்று, உரக்க வாசித்தேன்.

முதலில் அக்காவைச் சொல்லிவிடுகிறேன். பர்வதம் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவில் அவளுடைய குரல் கேட்காத வீடு கிடையாது. மனசில் ஒன்று தோன்றினால் அது வாய்க்கு வந்து சேர அரை நொடிகூட ஆகாது. (அந்த அரை நொடியில்தான் மற்றவர்கள் எல்லாம் யோசிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது, பாவம்.) இந்த வாயால் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. முதலில் வந்த பையனின் அம்மா, "சமையல் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "உங்க பிள்ளை சாப்பிடறவரா, கொறிக்கறவரா? பார்த்தா கொறிக்கறவர் மாதிரின்னா இருக்கு" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு மாமா ஏதோ சுலோகம் சொல்ல, நடுவில் நிறுத்தி ஒரு எழுத்தைத் திருத்திவிட்டாள். அவள் திருத்தியது சரிதான். அதனால்தான் மாமாவுக்குக் கோபம்.

அந்த இரண்டாவது வரன் கைவிட்டுப் போன அன்று அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. ஆனால் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் வாளி மோதுகிற சத்தமும் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தமும் மட்டும்தான் வீட்டில் கேட்டன. எனக்கு அது பயமாகவே இருந்தது. இவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய நான் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். நான் தீர்மானம் செய்யாமல் இருந்திருந்தால் குடும்பம் இன்னும் கொஞ்சம் சுலபமாகப் பிழைத்திருக்கும்.

மூன்றாவதாக வந்தது விசுவநாதன் வரன். எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சின்ன வயசிலேயே அப்பா அம்மா போய், அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா வளர்த்த பிள்ளை. இங்கே ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தார். பையனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பெரியப்பாதான் கொஞ்சம் பழைய மனுஷர். தரகரிடம் அவர் சொல்லி அனுப்பியது இது: "மலையாளத்துக்குப் போய் மூணு நாலு தலைமுறை ஆன குடும்பம்ங்கறேள். கோத்திரம் சொல்றா, சரி. ஆதியிலே எந்த ஊர்? யார், என்ன பண்ணிண்டிருந்தா? அதைத் தெரிஞ்சுக்காம எப்படிக் கைநனைக்கிறது?"

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. கோவிலில் கணக்கு எழுதுகிற சாது மனுஷர். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு கதைதான். எங்கள் கொள்ளுத்தாத்தா ஹரிஹரய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து, ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை கோவிலில் நடக்கிற முறைஜபத்துக்கு வேதம் சொல்ல வந்தவராம். பத்மநாபசுவாமி கோவிலில் அவர் வாயைத் திறந்தால் மேற்குக் கோட்டையில் நிற்கிறவன் கன்னத்தில் போட்டுக்கொள்வானாம். அந்தக் குரலுக்காகவே அவரை இங்கேயே இருத்திவிட்டார்களாம். இந்த 'ஆம்', 'ஆம்' எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் கதையில் மிஞ்சுவது கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும்தான்.

"நானாக்கும் கொண்டு வரேன், சர்க்கார் அத்தாட்சி" என்றேன் நான்.

அப்பா, "வேண்டாம்டா மணி. இருக்கிறதைச் சொல்லுவோம்" என்றார். (கேட்டேனா?)

என் தைரியத்துக்குக் காரணம் உண்டு. அது நாற்பத்தொன்றாம் வருஷம். ஜனக்கணக்கு எடுத்த கையோடு சீட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன். ஆண் சீட்டு ஒரு பெட்டி, பெண் சீட்டு ஒரு பெட்டி, கல்யாணமானவர், ஆகாதவர் என்று நாள் முழுக்க மனுஷர்களைப் பிரித்துப் போடுவோம். அந்த ஆபீஸின் பின்கட்டு அறையில் பழைய கணக்கெடுப்புகளின் கட்டுகள் சில, கரையான் தின்றது போக மீதி, கிடந்தன. எங்கள் தாத்தா சின்னப் பையனாக இருந்த காலத்துக் கணக்கு. வீடு வீடாகப் போய் எழுதினது.

தலைமைக் குமாஸ்தா குட்டன் பிள்ளையிடம் போய் நின்றேன். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "எந்தாடோ, தனிக்கு ஜீவிச்சிருக்குன்னவரெ எண்ணியது மதியாயில்லே?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறவர்களை எண்ணினது போதவில்லையா என்று அர்த்தம். அக்கா கல்யாண விஷயம் என்றதும் மனசு இளகிச் சாவியைத் தந்துவிட்டார்.

தும்மிக்கொண்டே தேடினேன். ஒரு வாரம் மூக்கு என்னுடையதாகவே இல்லை. கடைசியில் எங்கள் தெருவின் கட்டு கிடைத்தது. ஹரிஹரய்யர். பிறந்த இடம், தஞ்சாவூர். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. கதைகளில் மட்டுமே இருந்த ஒரு மனுஷர், மசியில் எழுதின பெயராக என் முன்னால் கிடந்தார். அந்தத் தாளை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கரையான் மண் கண்ணில் போயிற்று.

குட்டன் பிள்ளை அதைத் தானே நகல் எடுத்துக் கையெழுத்தும் போட்டுத் தருவதாகச் சொன்னார். பெண் பார்க்க வருகிற அன்று மத்தியானம், நான் கிளம்புகிற சமயத்தில்தான் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது மீசைக்குள் சிரித்து, "கொள்ளாம். நல்ல காரணவர்" என்றார். நல்ல மூதாதை என்கிறாரே என்று நானும் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன்.

சாலைக் கடைத்தெருவில் நடந்துகொண்டே முதல் பக்கத்தைப் பார்த்தேன். பெயர், வயது, பிறந்த ஊர். அதற்குக் கீழே, தொழில்: மடி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மடி. ஆசாரம். குளித்து, ஈர வேஷ்டி உடுத்து, யார் மேலும் படாமல் பூஜையும் ஜபமுமாகவே இருந்திருக்கிறார். வேறு தொழிலே இல்லை. அதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது. இதைவிடப் பெரியப்பாவுக்கு என்ன வேண்டும்? பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது, ஆபீஸில் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் மலையாளம்தான். ஆனால் சில வார்த்தைகளுக்கு எங்கள் தலைக்குள் இரண்டு வாசல். மடி என்று ஆபீஸில் ஒருவர் சொன்னால் சோம்பல் என்று சரியாகப் புரிந்துகொள்வேன். அதையே வீட்டுக்குள் கேட்டால் அம்மா கொடியிலிருந்து குச்சியால் எடுக்கிற புடவை ஞாபகம்தான் வரும். அன்று கொள்ளுத்தாத்தாவை நினைத்துக்கொண்டு படித்ததால், மலையாள எழுத்தை வீட்டு வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டேன்.

வீட்டில் வேறு ஏற்பாடு நடந்திருந்தது. அம்மா அக்காவின் கையில் கோவில் விபூதியை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வந்தவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. என்ன கேட்டாலும் அம்மா பதில் சொல்லிக்கொள்வாள். அக்காவும் சரி என்றுவிட்டாள். அவளுக்கும் இந்த இடம் வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரகர் சொன்னபோது, "மெஸ்ல தனியா இருக்காராமே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அக்கா ஒரு விஷயத்தை ஒரே ஒரு தடவை சொன்னது அதுதான்.

வந்தார்கள். பெரியப்பா ஒல்லியாக, நிமிர்ந்து, பஜ்ஜியைக்கூட விசாரித்துவிட்டுத்தான் வாயில் போட்டார். விசுவநாதன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நமஸ்காரம் பண்ணிவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடைக்கு என்ன பருப்புப் போடுவே, குழந்தே?" என்றார் பெரியப்பா.

"எல்லாம் போடுவா" என்றாள் அம்மா.

"என்ன படிச்சிருக்கே?"

"அவளா, நன்னாப் படிச்சிருக்கா" என்றாள் அம்மா.

"ஒரு பாட்டுப் பாடட்டுமே."

"தொண்டை கட்டிண்டிருக்கு" என்றாள் அம்மா. (அக்காவுக்குப் பாட்டு வராது. வராது என்றால் அறவே வராது.)

அக்கா உதட்டை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது. உள்ளே எத்தனை பதில்கள் வரிசையில் நிற்கின்றனவோ என்று எனக்கே இரக்கமாக இருந்தது.

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "நான் தரகர்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தேனே."

அப்பா, "எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். முறைஜபத்துக்கு வந்தவர். ரொம்பப் பெரிய குரல், மேற்குக் கோட்டை வரைக்கும் கேக்கும்னு சொல்லுவா" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை நான். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தேன். மந்திரி பட்ஜெட் வாசிக்கிற தோரணை என்று பிற்பாடு வீட்டில் சொல்வார்கள்.

"இது சர்க்கார் ரிகார்டாக்கும். அறுபது வருஷத்துக்கு முந்தினது. பேர், ஹரிஹரய்யர். பிறந்த இடம், தஞ்சாவூர்." பெரியப்பா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. "தொழில்," என்று நிறுத்தி, எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, "மடி" என்றேன்.

களுக் என்று ஒரு சத்தம். பார்த்தால் மாப்பிள்ளைப் பையன். வந்ததிலிருந்து அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்னடா விசு?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்லே பெரியப்பா. இங்கே எங்க ஸ்கூல்ல, கணக்குப் போடாம வர பசங்களைத்தான் மடியன்னு சொல்லுவா. மலையாளத்துல மடின்னா..." அவர் தயங்கினார். பிறகு மெதுவாக, "சோம்பேறித்தனம்" என்றார்.

ஆபீஸ் வாசல் அப்போதுதான் என் தலைக்குள் படாரென்று திறந்துகொண்டது. தொழில், சோம்பேறித்தனம். குட்டன் பிள்ளையின் மீசைச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்திருந்தால் பிழைத்தோம். ஆனால் அடுத்ததாக இன்னும் பெரிய பெருமை ஏதாவது இருக்கும், அதை வாசித்து இதை மறக்கடித்துவிடலாம் என்று தோன்றிற்று. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் 'அங்கவைகல்யம்' என்று ஒரு நீளமான சமஸ்கிருத வார்த்தை. பார்த்த வேகத்தில் ஏதோ பட்டம் என்று நினைத்தேன். வாய் முன்னால் ஓட, கண் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அங்கவைகல்யம்: ஊமை" என்று கணீரென்று வாசித்தேன்.

அங்கவைகல்யம் என்றால் உடல் ஊனம் என்பது வாசித்த பிறகுதான் உறைத்தது. அம்மாவின் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அறுபது வருஷமாகக் குடும்பத்தில் இருந்த ஒரு குரலை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டேனே என்கிற மாதிரி பார்த்தார்.

பெரியப்பாவின் கண் மெதுவாக அக்கா பக்கம் போயிற்று. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மா பதில். பாடச் சொன்னால் தொண்டைக்கட்டு. அவர் மனசில் கணக்கு ஓடுவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

"பொண்ணு பேசுமோல்லியோ?" என்றார்.

"ஐயோ, நன்னா..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நீங்க இருங்கோம்மா. குழந்தை சொல்லட்டும்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். கையில் விபூதி இன்னும் ஒட்டியிருந்தது. சத்தியத்தை மீறினால் சாமி குற்றம், மீறாவிட்டால் ஊமை. அம்மாவுக்கும் என்ன சைகை காட்டுவதென்று தெரியவில்லை. அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலை குனிந்திருந்தார். அதைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"டேய் மணி," என்றாள். "படிச்சவன்தானேடா நீ?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"நித்தியம் கார்த்தாலே அப்பா ஜபத்துல உட்கார்ந்திருக்கறச்சே வாசல்ல யாராவது வந்து நின்னா என்ன ஆறது? அப்பா பேசுவாரோ? கையைக் காட்டுவார். நான் அடுக்களைலேருந்து என்னன்னு கத்தறேன்? 'அப்பா மடியாக்கும், கிட்டே வராதேயும்'னு கத்தறேன். அன்னிக்கும் அதேதானேடா நடந்திருக்கும்? கணக்கெடுக்கறவன் வந்து பேரென்ன, வேலையென்னன்னு கேட்டிருப்பான். கொள்ளுத்தாத்தா ஜபத்துல இருந்திருப்பார். எத்தனை கேட்டாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். உள்ளேருந்து என்னை மாதிரி ஒருத்தி 'அவர் மடி, அவர் மடி'ன்னு கத்தியிருப்பா. பேரும் ஊரும் அவதான் சொல்லியிருப்பா. வந்தவன் மலையாளத்து மனுஷன். காதுல விழுந்ததை மடின்னு எழுதிண்டான், கண்ணால பார்த்ததை ஊமைன்னு எழுதிண்டான். அவனுக்குத் தெரியல்லை, பின்னே என்ன பண்ணுவான்? உனக்குத் தெரியவேண்டாமோ? இந்த ஆத்துலேயே பிறந்து வளர்ந்துட்டு, அப்பாவைப் பெத்த தாத்தாவோட அப்பாவை நாலு பேருக்கு நடுவுல ஊமைங்கறியே, உன் வாயை என்ன பண்ணினா தேவலை?"

மூச்சு வாங்கினாள். முடித்துவிட்டாள் என்று நினைத்தோம். பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"அடைக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சமமாப் போட்டு, உளுந்து ஒரு பிடி. அம்மா எல்லாம் போடுவான்னு சொன்னது தப்பு, பாசிப்பருப்புப் போட்டா அடை தளர்ந்துடும். ஸ்கூல் ஃபைனல் பாஸ் பண்ணியிருக்கேன். தொண்டை கட்டல்லை, எனக்குப் பாட்டே வராது. வயசையும் ஒண்ணு குறைச்சுச் சொல்லியிருக்கா. பேசப்படாதுன்னு விபூதியை வெச்சுச் சத்தியம் வாங்கியிருந்தா, அதனாலதான் பேசல்லை. முன்னாடி ரெண்டு இடம் நான் பேசினதாலதான் போச்சு. இதுவும் போனாப் போகட்டும். ஆனா எங்கப்பா சொன்னது பொய்யில்லே."

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. நான் இன்னும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை.

முதலில் பேசியது விசுவநாதன். தலை நிமிர்ந்து அக்காவை நேராகப் பார்த்தார். "எனக்குச் சம்மதம், பெரியப்பா" என்றார். பிறகு, இவ்வளவு பேர் முன்னால் சொல்லலாமோ என்று யோசித்துவிட்டு, சொன்னார். "நான் கிளாஸ்ல மட்டும்தான் பேசறேன். மெஸ்ஸுக்குப் போனா, சாப்டியான்னுகூட ஒருத்தர் கேக்கமாட்டா. ஆத்துல சத்தம் இருக்கட்டும்."

பெரியப்பா இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். இந்தத் தடவை விசாரிக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "நீங்க ரிகார்டே காட்டியிருக்க வேண்டாம், ஓய். மேற்குக் கோட்டை வரைக்கும் கேட்ட குரல் அதுதான். எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே வேஷ்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பரம்பரைக்கு அத்தாட்சி அன்றைக்குத்தான் கிடைத்தது, அது நான் கொண்டு வந்த காகிதத்தில் இல்லை.

கல்யாணம் நடந்தது. குட்டன் பிள்ளை வந்து நான்கு பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, "ஊமக் காரணவர் எந்து பறஞ்சு?", ஊமைத் தாத்தா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு 'மடி மணி' என்று பெயர் நிலைத்தது. நான் எதையாவது உரக்க வாசிக்க ஆரம்பித்தால் போதும், பத்திரிகைச் செய்தியாகவே இருந்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் "பின்பக்கம் பார்த்தாச்சோ?" என்று கேட்பார்கள். என் பேரன்கூடக் கேட்கிறான்.

பத்து வருஷம் கழித்து அடுத்த ஜனக்கணக்கு வந்தது. ஒரு நாள் காலை நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்திம்பேர் விசுவநாதன் ஈர வேஷ்டியோடு ஜபத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் கணக்கெடுக்கிறவர் வந்து நின்று, "சாரே, பேரு பறயணும்" என்றார். அத்திம்பேர் கண்ணைத் திறக்காமல் கையைக் காட்டினார். அடுக்களையிலிருந்து அக்காவின் குரல், பழக்கதோஷத்தில், அப்படியே கிளம்பி வந்தது.

"அவர் மடியாக்கும், கிட்டே..."

பாதியில் நின்றது. கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. ஈரக்கையும் மாவுமாக வாசலுக்கு ஓடி வந்தாள். வந்தவர் பென்சிலைத் தாளில் வைத்திருந்தார்.

"எழுதாதேயும்," என்றாள். "ஒண்ணும் எழுதாதேயும். எங்காத்து மனுஷர் நன்னாப் பேசுவார்."

அத்திம்பேர் ஜபத்தை நடுவில் நிறுத்தினதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"நீ விட்டாப் பேசுவேன்" என்றார்.